பிள்ளைக்குப் புத்திமதி காணும், நாவல் குடுங்கோ

கொஞ்ச நாளா எங்கட ஆக்களின்ர வைபர் குறூப்புகளில ஒரு பட்டியல் சுத்துது. "ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வாசிக்க வேண்டிய நூல்கள்" எண்டு தலைப்பு. ஆர் தொடக்கினதோ தெரியாது, எனக்கு மட்டும் மூண்டு பேர் அனுப்பிப்போட்டினம். திருக்குறள் விளக்கவுரை, ஆத்திசூடிக் கதைகள், தலைவர்மாரின்ர வாழ்க்கை வரலாறு அஞ்சாறு, நீதிக்கதைகள் ரெண்டு தொகுதி, கடைசியில பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும். கீழ ஒரு கைகூப்பின படம். அவ்வளவுதான்.

திருக்குறளோட எனக்கு ஒரு கோவமும் இல்லை. கல்கியோடயும் இல்லை. என்ர கோவம், இவ்வளவு நீளப் பட்டியலில பத்து வயதுப் பிள்ளை ஒண்டைப் பற்றி, பத்து வயதுப் பிள்ளைக்கெண்டே எழுதின ஒரு நாவல் கூட இல்லை எண்டதில. பட்டியல் போட்ட ஆள் தன்ர பிள்ளை எப்பிடி வரவேணும் எண்டு யோசிச்சிருக்கிறார். பிள்ளை இண்டைக்கு என்ன யோசிக்குது எண்டதை யோசிக்கேல்லை.

பொன்னியின் செல்வனை எடுங்கோ. 1950 இல இருந்து 1954 மட்டும் கல்கியில தொடரா வந்தது. வளந்த ஆக்கள் கிழமைக்குக் கிழமை காத்திருந்து வாசிச்ச கதை. பாரிசில பிறந்து, சனிக்கிழமையில மட்டும் தமிழ் படிச்சு, எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளையிட்ட அந்த அஞ்சு பாகத்தையும் குடுத்தால் அது என்ன செய்யும்? வாசிக்காது. பிறகு நாங்கள் "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வாசிப்புப் பழக்கம் இல்லை" எண்டு மேடையில பேசுவம். ஆத்திசூடிக்கும் பொன்னியின் செல்வனுக்கும் நடுவில ஒரு பெரிய பள்ளம் கிடக்கு. அதுக்குள்ள விழுந்துதான் எங்கட பிள்ளையள் தமிழ் வாசிப்பை விடுகினம். சில பிள்ளையள் எல்லா வாசிப்பையும் விடுகினம்.

இந்த ஊர்க்காரன் அந்த இடத்தைச் சும்மா விடேல்லை. எட்டு வயதில இருந்து பன்னிரண்டு மட்டும் எண்டு நூலகத்தில தனியா ஒரு பக்கமே வைச்சிருக்கிறான். அந்த நாவல்கள் கிட்டத்தட்ட நூறில இருந்து முந்நூறு பக்கம் வரும். கதையில வாற பிள்ளைக்கு வாசிக்கிற பிள்ளையின்ர வயதுதான் இருக்கும், இல்லாட்டி ஒண்டு ரெண்டு கூட. அந்தப் பிள்ளைக்கு ஏலாத ஒரு பெரிய பிரச்சினை வரும், பெரியாக்கள் பாதி உதவுவினம், பாதி தாங்களே குழம்பிப்போய் நிப்பினம். கடைசியில எல்லாம் சரிவராட்டியும் வாசிக்கிற பிள்ளைக்கு மூச்சு விட ஒரு இடம் இருக்கும். தாய் தகப்பன் பக்கத்தில இருந்து வாசிச்சுச் சொல்லுற வயது முடிஞ்சு, பிள்ளை தனியக் கட்டிலில படுத்திருந்து ஒரு முழுக் கதையை முதல் முதல் முடிக்கிற வயது இது. இந்த வயதில பிடிபட்டால் பிடிபட்டதுதான்.

நான் படிச்ச மனிசன் எண்டு சொல்ல வரேல்லை. பல்கலைக்கழகத்தில ரெண்டாம் வருசம், 2006 இல ஏ9 பாதை பூட்டினதோட என்ர படிப்பும் பூட்டுப்பட்டது. இஞ்ச வந்து கோப்பை கழுவி, வெங்காயம் உரிச்சு, இப்ப ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில சலாட் மேசையில நிக்கிறன். ஆனால் வாசிக்கத் தெரியும். அதை எனக்கு ஆரும் பட்டியல் போட்டுப் பழக்கேல்லை. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில, அட்டை கிழிஞ்ச அம்புலிமாமாவும், முதல் பத்துப் பக்கம் இல்லாத மாயாவிக் கதையும், மாமா வாங்கி வைச்ச ரஷ்யப் புத்தகங்களும் வாசிச்சம். ஐத்மாத்தவின்ர 'முதல் ஆசிரியர்' அப்பிடித்தான் கைக்கு வந்தது. பெரிசா எழுத வாசிக்கத் தெரியாத ஒரு ஆள் மலைக்கிராமத்துக்கு வந்து குதிரைக் கொட்டிலைக் கூட்டித் துடைச்சுப் பள்ளிக்கூடம் ஆக்கிற கதை. எனக்கு அப்ப கிர்கீசியா எங்க இருக்கெண்டு தெரியாது. ஆனால் மரத்துக்குக் கீழ பள்ளிக்கூடம் நடத்துற வாத்தியாரைத் தெரியும். அதுதான் கதை பிடிபடுற விதம். புத்திமதி ஒருக்காலும் அப்பிடிப் பிடிபடாது.

இப்ப இந்தப் பட்டியல்காரரோட வாதாடினால் வாற முதல் பதில்: "தம்பி, கதைப்புத்தகம் வாசிச்சு நேரத்தை வீணாக்காமல் கணக்கைப் படிக்கட்டும்." ரியூசனுக்கு மாதம் மாதம் காசு கட்டிறவை சொல்லுற பதில் இது. கணக்குக் கேள்வியையும் வாசிச்சு விளங்கித்தான் செய்யவேணும் எண்டு இவைக்கு ஆர் சொல்லுறது? கொலேஜில சிக்ஸியேம் போனவுடன வாத்தியார் நாவல் குடுத்து வாசிச்சுக்கொண்டு வா எண்டுவார். அண்டைக்குத்தான் எங்கட பிள்ளை முதல் முதல் ஒரு முழு நாவலைக் கையில எடுக்கும். பக்கத்தில இருக்கிற வெள்ளைப் பிள்ளை அதுக்குள்ள நாற்பது முடிச்சிருக்கும்.

ரெண்டாவது பதில்: "நீ சொல்லுற கதையெல்லாம் சண்டை, அகதி, சாவு. பிள்ளையள் பயப்படுவினம். சின்ன வயசு."

இதுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பிரெபெக்சரில கார்த் புதுப்பிக்கப் போகேக்க ஆரைக் கூட்டிக்கொண்டு போறியள்? பதினொரு வயதுப் பிள்ளையை. வீட்டுக்கு வாற வாடகைக் கடிதம், வரிக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் ஆர் வாசிச்சுச் சொல்லுறது? அதே பிள்ளைதான். அம்மாவுக்கு என்ன வருத்தம் எண்டு டொக்டர் சொல்லுறதை அம்மாவுக்கே மொழிபெயர்த்துச் சொன்ன பிள்ளையள் எங்கட ஊரில எத்தனை எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அதுக்கெல்லாம் வயசு சரி. அகதிப் பிள்ளையைப் பற்றி ஒரு நாவல் வாசிக்க மட்டும் சின்ன வயசோ? பின்னேரத்தில அதே பிள்ளையைப் பக்கத்தில இருத்தி வைச்சுக்கொண்டு கை வெட்டி, கழுத்து வெட்டி, மாமியார் பாலுக்குள்ள நஞ்சு கலக்கிற நாடகமும் பாக்கிறம். அதுக்கும் வயசு சரி.

ஜூடித் கெர் எண்ட எழுத்தாளரைச் சொல்லுறன். 1923 இல பேர்லினில பிறந்தவ. தகப்பன் அல்பிரட் கெர் ஜெர்மனியில பேர்போன நாடக விமர்சகர், யூதர், ஹிட்லரை எதிர்த்து எழுதினவர். 1933 மார்ச்சில குடும்பம் நாட்டை விட்டுத் தப்புது. சுவிஸ், பிறகு பாரிஸ், பிறகு லண்டன். எங்கட ஆக்கள் வந்த பாதை மாதிரியே இல்லையோ? அந்தக் கதையைத்தான் 1971 இல சிறுவர் நாவலா எழுதினவ. ஹிட்லர் அபகரிச்ச றோசா முயல் எண்டு தலைப்பைச் சொல்லலாம். பிரெஞ்சிலயும் இருக்கு, ஆங்கிலத்திலயும் இருக்கு. அன்னா எண்ட ஒன்பது வயதுப் பிள்ளை, ஒரு பொம்மைதான் கொண்டு போகலாம் எண்டதால முயல் பொம்மையை விட்டிட்டு வாறாள். பாரிசில சின்ன வீடு, காசில்லை, தகப்பன் எழுதுறதை வாங்க ஆளில்லை, தாய்க்குச் சமைக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில ஒரு சொல்லும் விளங்காது. ஒரு நாள் யோசிக்காமலே பிரெஞ்சு வாயில வருது. எங்கட பிள்ளையளுக்கு அந்த நாள் தெரியும். எங்களுக்கு அது இன்னும் வரேல்லை.

அந்தப் புத்தகம் ஏன் வந்தது எண்டு ஜூடித் கெர் சொல்லியிருக்கிறா. அவவின்ர எட்டு வயது மகன் 'சவுண்ட் ஒவ் மியூசிக்' படம் பாத்திட்டு, அம்மா சின்னப்பிள்ளையா இருக்கேக்க எப்பிடி இருந்தது எண்டு இப்ப விளங்கீட்டு எண்டானாம். மலையில பாட்டுப் பாடிக்கொண்டு தப்பிப் போற படத்தைப் பாத்திட்டு. தாய்க்கு அது பொறுக்கேல்லை, இருந்து எழுதினா. இப்ப எங்கட பிள்ளையளிட்டக் கேட்டுப் பாருங்கோ, அப்பா ஏன் இஞ்ச வந்தவர் எண்டு. ஒண்டில் ஏதோ படத்தில பாத்ததைச் சொல்லும், இல்லாட்டி மாவீரர் நாளுக்கு மனப்பாடம் பண்ணின பேச்சைச் சொல்லும். அப்பாவைத் தெரியாது.

நாங்கள் கதை சொல்லத் தெரியாத சனமும் இல்லை. அகதிக் கேஸ் எழுதேக்க எந்த ஊர், எத்தினையாம் திகதி, எந்தக் காம்ப், எத்தினை நாள், ஆர் அடிச்சது எண்டு பதினைஞ்சு பக்கம் எழுதினம். ஓப்ராவில இருக்கிற முன்பின் தெரியாத அதிகாரிக்கு முழுக்கதையும் சொன்னம். பெத்த பிள்ளைக்கு அதில ஒரு பக்கம் சொன்னமோ? சொல்ல வாய் வராது, எனக்கும் விளங்குது. சொல்ல வாய் வராத தகப்பனுக்குத்தான் நாவல் உதவும். அன்னாவின்ர கதையைப் பிள்ளை வாசிச்சிட்டு, "அப்பா, நீங்கள் வரேக்க என்ன விட்டிட்டு வந்தனீங்கள்?" எண்டு ஒரு கேள்வி கேட்டால் காணும். மிச்சம் தானா வரும்.

இன்னொண்டும் சொல்லவேணும். 1933 மே 10 பேர்லினில நாசிகள் எரிச்ச புத்தகங்களில அல்பிரட் கெரின்ர எழுத்தும் இருந்தது. எங்களுக்கு 1981 ஜூன். யாழ்ப்பாண நூலகத்தில 97,000 புத்தகம் எரிஞ்சது எண்டு ஒவ்வொரு வருசமும் ஜூன் மாதம் முகநூலில கறுப்புப் படம் போடுறம். போடத்தான் வேணும். ஆனால் படம் போடுற வீட்டில எத்தினை புத்தகம் இருக்கு? நான் போன வீடுகளில பெரிய ரீவி இருக்கு, கண்ணாடி அலுமாரிக்குள்ள சாமத்தியவீட்டுப் படம் இருக்கு, பிள்ளை வெண்ட கேடயம் இருக்கு. பிள்ளைக்கெண்டு வாங்கின ஒரு நாவல் இல்லை. புத்தகத்தை எரிச்சவனைத் திட்டிறதுக்கு முதல், எரிக்கிறதுக்காவது வீட்டில ஒரு புத்தகம் இருக்கவேணுமே.

பாரிசில இருக்கிற ஆக்களுக்கு இன்னுமொரு கதை. லா சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போறனீங்கள். அந்த 18 ஆம் வட்டாரத்திலயே, ரூ து கிளினியாங்கூரில, யோசெப் ஜோஃபோ எண்டவரின்ர தகப்பன் சலூன் வைச்சிருந்தவர். யூத சலூன்காரன். 1941 இல, பத்து வயது யோசெப்பையும் பன்னிரண்டு வயது தமையன் மொறிசையும் தகப்பன் தனிய அனுப்புறார், ஜெர்மன்காரன் இல்லாத பக்கத்துக்குத் தப்பிப் போங்கோ எண்டு. அனுப்ப முதல் பிள்ளையளை இருத்தி, தானும் சின்னப்பிள்ளையா ரஷ்யாவில இருந்து தப்பி வந்த கதையைச் சொல்லுறார். பிறகு நீ யூதனோ எண்டு கேட்டுக் கேட்டு அடிக்கிறார், இல்லை எண்டு மட்டும் சொல்லப் பழக்கிறதுக்கு. செக் பொயின்ரில என்ன சொல்லவேணும் எண்டு எங்கட தாய் தகப்பன் எங்களைப் பழக்கின மாதிரித்தான். ஜோஃபோ பதினாலு வயதோட பள்ளிக்கூடத்தை விட்டிட்டுத் தானும் முடிவெட்டின மனிசன். 1973 இல தன்ர கதையை நாவல் மாதிரி எழுதினார், 'அன் சாக் து பீய்', ஒரு பை போளை. இப்ப பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற புத்தகம். நாங்கள் கத்தரிக்காய் வாங்கிற இடத்தில இருந்து நடந்து போற தூரத்தில நடந்த கதை. எங்கட பிள்ளையளுக்கு ஆர் சொன்னது?

அதே லா சப்பலில 2015 ஜூனில மெற்றோப் பாலத்துக்குக் கீழ சூடான், எரித்திரியா, ஆப்கானிஸ்தான் பெடியள் கூடாரம் அடிச்சுக் கிடந்தவை. பொலிஸ் வந்து கிளப்பினது. அந்த நேரம் எங்கட கடையளுக்கை நிண்டு எங்கட ஆக்கள் கதைச்சதை என்ர காதால கேட்டனான். "உந்த அகதியள் வந்து இடத்தை நாறடிக்கிறாங்கள்." சொன்ன ஆளின்ர பொக்கற்றிலயும் அகதிக் கார்த்தான். பக்கத்தில அவரின்ர பிள்ளை பானைக் கடிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டு நிக்குது. அந்தப் பிள்ளைக்கு டெபொறா எலிஸ் எழுதின பர்வானாவின்ர கதையைக் குடுக்கவேணும். 2000 இல வந்தது. காபூலில தகப்பனைத் தலிபான் கொண்டு போக, பதினொரு வயதுப் பிள்ளை தலைமயிரை வெட்டிப் பெடியன் மாதிரிச் சந்தையில இருந்து, எழுத வாசிக்கத் தெரியாத ஆக்களுக்குக் கடிதம் வாசிச்சுக் குடுத்து வீட்டுக்குச் சோறு போடுறாள். கடிதம் வாசிக்கிற எங்கட வீட்டுப் பிள்ளைக்கு அவளை உடன விளங்கும். பாலத்துக்குக் கீழ கிடந்தவன் ஆர் எண்டும் விளங்கும். ஆயிரம் நீதிக்கதை செய்யாததை அந்த ஒரு நாவல் செய்யும்.

மூண்டாவது பதில்தான் பெரிய பதில்: "பிரெஞ்சில வாசிக்கச் சொல்லுறியே, தமிழ் அழிஞ்சு போகாதோ?" ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில இதைக் கதைச்சதுக்கு என்னைத் துரோகியைப் பாக்கிற மாதிரிப் பாத்தினம். தமிழை அழிக்கிறது பிரெஞ்சு நாவல் இல்லை. தமிழெண்டால் மனப்பாடம், தமிழெண்டால் போட்டி, தமிழெண்டால் கேடயம் எண்டு பிள்ளைக்குக் காட்டி வைச்சிருக்கிறமே, அதுதான் அழிக்கிறது. கதையின்ர ருசி தெரிஞ்ச பிள்ளை எந்த மொழியிலயும் கதை தேடும். ருசியே தெரியாத பிள்ளைக்குத் தமிழும் ஒண்டுதான், பிரெஞ்சும் ஒண்டுதான்.

தமிழில நாவலே இல்லை எண்டும் சொல்லாதேங்கோ. பட்டியல் போடுறவை தேடுறதில்லை எண்டு சொல்லுங்கோ. தமிழ்நாட்டில இப்ப சிறுவருக்கு எழுதுற ஒரு நல்ல கூட்டமே இருக்கு. பாலபாரதியின்ர 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020 க்கான சாகித்திய அகாதமியின்ர பால புரஸ்கார் எடுத்தது. பிள்ளையளில கை வைக்கிற பெரியாக்களைப் பற்றி, பிள்ளைக்கு விளங்கிற மாதிரி எழுதின நாவல். நாங்கள் வாயே திறக்காத விசயம். கீழடியை வைச்சு உதயசங்கர் எழுதின 'ஆதனின் பொம்மை' 2023 இல அதே விருது எடுத்தது. 2025 இல விஷ்ணுபுரம் சரவணனின்ர 'ஒற்றைச் சிறகு ஓவியா'. மூண்டும் கதை, மூண்டும் சின்னப் புத்தகம். சென்னைக்குப் போட்டுவாற ஆக்கள் சீலைக்கு நடுவில வைச்சுக் கொண்டு வரலாம். பிள்ளை தனிய வாசிக்கக் கஷ்டப்பட்டால் ஒரு பக்கம் நீங்கள் வாசியுங்கோ, ஒரு பக்கம் பிள்ளை வாசிக்கட்டும்.

எங்கட எழுத்தாளர்மாருக்கும் ஒரு சொல்லு. இயக்கம், சாதி, பாலியல், முள்ளிவாய்க்கால் எண்டு பெரியாக்களுக்குக் கனக்க எழுதிப்போட்டியள். நல்லது. நானும் இரவு வேலை முடிஞ்சு கடைசி மெற்றோவில இருந்து வாசிச்சனான். இனி பத்து வயதுப் பிள்ளைக்கு ஒண்டு எழுதுங்கோ. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள்ள, கைதடிப் பாலத்தால ஆட்டுக்குட்டியையும் இழுத்துக்கொண்டு போன ஒரு பிள்ளையின்ர கதை. அழ வைக்கிறதுக்கு இல்லை. அந்த ஆட்டுக்குட்டிக்கு என்ன நடந்தது எண்டு அறிய, வெளிச்சத்தை நூக்காமல் பிள்ளை வாசிக்கவேணும். அப்பிடி எழுதுறது சங்க இலக்கியத்துக்கு உரை எழுதுறதை விடக் கஷ்டம்.

சரி, பேசிப்போட்டுச் சும்மா போகேலாது. பட்டியலுக்குப் பதில் பட்டியல்.

எட்டு வயதுக்கு: மைக்கல் பொண்டின்ர பாடிங்டன், 1958. பெருவில இருந்து கப்பலில களவா வந்து, கழுத்தில அட்டையோட லண்டன் ஸ்ரேசனில நிக்கிற கரடி. விசாவும் இல்லை, ஏஜென்சியும் இல்லை. யுத்த காலத்தில அட்டை கட்டி அனுப்பின பிள்ளையளைப் பாத்த ஞாபகத்தில எழுதினது. சிரிச்சுச் சிரிச்சு வாசிக்கலாம்.

ஒன்பது, பத்துக்கு: டானியல் பெனாக்கின்ர 'லேய் து லூ', 1984. மிருகக்காட்சிச்சாலையில ஒற்றைக்கண் ஓநாய், அதுக்கு முன்னால வந்து தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாக்கிற ஆபிரிக்கப் பெடியன். காட்டை வெட்டினதால ஊரை விட்டு வந்தவன். சின்னப் புத்தகம், ரெண்டு இரவு காணும்.

பத்து, பதினொண்டுக்கு: ஜூடித் கெரின்ர றோசா முயலும் பர்வானாவும்.

பதினொண்டு, பன்னிரண்டுக்கு: ஜோஃபோவின்ர போளைப் பை.

இதோட மேல சொன்ன மூண்டு தமிழ்ப் புத்தகம், பிள்ளையின்ர தமிழைப் பாத்து.

காசில்லை எண்டு சொல்லேலாது. பாரிஸ் மாநகர நூலகங்களில புத்தகம் எடுக்க ஒரு சதமும் இல்லை. தாய் தகப்பனின்ர ஒரு கையெழுத்துக் காணும். கையெழுத்துத்தான் எங்களுக்கு நல்லாப் பழகிப்போச்சே. பிள்ளை புத்தகத்தைப் பாதியில விட்டால் விடட்டும். பக்கத்தைப் பாஞ்சு வாசிச்சால் வாசிக்கட்டும். அது வாசகனின்ர உரிமை எண்டு அதே பெனாக் 1992 இல ஒரு புத்தகமே எழுதினவர், வருசக்கணக்கா வாத்தியாரா இருந்த மனிசன். முடிச்சவுடன "இதில என்ன நீதி?" எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ. அந்தக் கேள்வியோட பிள்ளை அடுத்த புத்தகத்தைத் தொடாது.

என்ர கடை திங்கக்கிழமை பூட்டு. உங்கட கடையும் ஏதோ ஒரு நாள் பூட்டித்தான் இருக்கும். என்னை ஏச விரும்பிற ஆக்கள் தாராளமா ஏசுங்கோ. அந்த லீவு நாளில பிள்ளை பள்ளிக்கூடத்தால வர, நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாவல் எடுத்துக் குடுத்துப்போட்டு, வந்திருந்து ஏசுங்கோ.